நான் வைத்த சுருதி

கண்ணு,

நீ போய் இன்றோடு மூன்று நாளாகிறது. கடையில் மத்தியானக் கூட்டம் இல்லை. வெயில் ஏறிவிட்டால் தி. நகரில் புடவை வாங்க வருவார்களே தவிர, கண் பரிசோதனைக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். லென்ஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆர்டர் படிவங்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ ஒரு தடவை "அப்பா" என்பாய், அந்தக் குரலைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஐந்து வருஷமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறேன்.

சென்ட்ரலில் ரயில் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது நீ சொன்னாய்: "பருவத் தேர்வுல அஞ்சரைக் கட்டையிலதான் பாடணும்னு அவங்க பிடிவாதமா நின்னாங்கன்னா, நான் சீட்டை விட்டுட்டு வந்துடுவேம்ப்பா. அம்மா வெச்ச சுருதியை மாத்த மாட்டேன்." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனேன். உன் பையில் ஏற்கெனவே இரண்டு பாட்டில் இருந்தன. மூன்றாவதையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுக் கையை ஆட்டினேன். அம்மா உனக்கு எந்தச் சுருதியையும் வைக்கவில்லை. வைத்தது நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

முதலில் உன் படிப்பைப் பற்றி. வாய்ப்பாட்டில் பட்டம் என்று சொன்னபோது உன் பெரியப்பா, "பாட்டுக்கு டிகிரி எதுக்கு? கோயில்ல பாடினா கேக்க மாட்டாங்களா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ போனதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஆசிரியர், ஒரே ஒரு மாணவி, தனி அறை. வெள்ளிக்கிழமைதோறும் மாணவர் மேடை. நாற்பது பேர் சேர்ந்து பாடும் குழு. பக்கவாத்தியம் படிக்கும் பிள்ளைகள் உனக்கு வாசிப்பார்கள், நீ அவர்களுக்குப் பாடுவாய். குரலுக்கென்றே ஒரு மருத்துவர், ஒலிப்பதிவுக் கூடம், மூன்றாம் வருஷம் வெளிநாட்டில் ஒரு பருவம். இதில் பாதி வாய்ப்பு எங்கள் தலைமுறைக்கு இருந்திருந்தால் உன் அம்மா ரேடியோவில் பாடக் கிடைக்கும் அரை மணி நேரத்துக்காகக் காத்துக் கிடந்திருக்க மாட்டாள். எதையும் வேண்டாம் என்று சொல்லாதே. சேர்ந்து பாடும் குழுவை மட்டும் நம் ஆட்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள், நீ பார்க்காதே. பக்கத்தில் நிற்பவளின் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலைத் தொலைக்காமல் பாடுவது உனக்குத்தான் முக்கியமாகத் தேவை. ஏன் என்று இனிமேல் புரியும்.

வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கல்லூரியில் சேர் என்று நான் எவ்வளவு மன்றாடினேன், நினைத்துப் பார். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றேன். தனியாக எப்படி இருப்பாய் என்றேன். என் முழங்காலைக்கூட இழுத்தேன், அது நன்றாகத்தான் இருக்கிறது. அத்தனையும் சாக்கு. காலையில் ஆறு மணிக்கு ஹாலிலிருந்து வரும் அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உனக்குப் பதின்மூன்று வயதில் உன் பாட்டு டீச்சர், "இனிமே வீட்டுலயும் சாதகம் பண்ணணும், ஒரு சுருதிப் பெட்டி வாங்கிக் குடுங்க" என்றார். வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்று பீரோவின் மேலிருந்து அம்மாவுடையதை எடுத்தேன். அவள் போய் ஐந்து வருஷம் யாரும் தொடாத பெட்டி. துடைத்து, வயரைச் செருகிப் போட்டேன். அவள் கடைசியாக எங்கே விட்டாளோ அங்கேயே பிடித்துக்கொண்டு முழங்கியது. நாலு கட்டை. திருகில் அவள் நீல மையால் வைத்த கோடுகூட அழியவில்லை. நீ டீச்சர் வீட்டில் ஐந்தரையில் பாடிப் பழகியவள். "அப்பா, இது ரொம்பக் கீழ இருக்கு" என்றாய். "இன்னிக்கு ஒரு நாள் பாடு, நாளைக்கு மாத்தித் தரேன்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன்.

டிகாக்ஷனை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து உன் அம்மா பாடினாள். நினைவு வந்தது, அவளைப் போல இருந்தது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவள் பாடினாள். கொஞ்சம் கனமாக, ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சைத் தரையில் வைப்பதுபோல வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற குரல். என் வாய் தானாகவே, "ஏய், காபி ஆறுது" என்றது. உன்னை நான் ஒருநாளும் ஏய் என்று கூப்பிட்டதில்லை. ஹாலிலிருந்து, "வரேன், வரேன்" என்று இரண்டு தடவை பதில் வந்தது. அவள் எப்போதும் இரண்டு தடவைதான் சொல்வாள். இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட யூனிஃபார்மில் நீ உட்கார்ந்திருந்தாய். உனக்கு அப்போது காபி கொடுக்கும் பழக்கமே கிடையாது. டம்ளரைப் பார்த்துவிட்டு, நீ பெரியவளாகிவிட்டாய் என்று நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டாய். அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை.

மறுநாள் மாற்றவில்லை. அதற்கு மறுநாளும் மாற்றவில்லை. உன் சாதகத்துக்கு நான் செய்த ஒரே உதவி, காலையில் பெட்டியைப் போட்டுச் சுருதி வைப்பது. பாடத் தெரியாத அப்பா செய்கிற சேவை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து டீச்சர் உன்னிடம், "ஏண்டி இவ்ளோ கீழ போயிட்டே?" என்று கேட்டிருக்கிறார். நீ வந்து என்னிடம் கேட்டாய். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன்: "அம்மா சொல்லிட்டுப் போனதும்மா. நாலு கட்டையிலதான் நீ பாடணும்னு." யோசித்துச் சொல்லவில்லை. அவ்வளவு லேசாக வந்தது. டீச்சர் போன் பண்ணினார், அவரிடமும் அதையே சொன்னேன். "அவங்க சொன்னதுன்னா நான் என்னங்க சொல்றது" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நீ என்னிடம் மூன்று தடவை கேட்டாய், அம்மா அதை எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள், உன் பெயரைச் சொல்லிச் சொன்னாளா என்று. மூன்று தடவைக்கும் மூன்று பதில் தயாரித்தேன்.

கண்ணு, நான் மூக்குக்கண்ணாடிக்காரன். அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தலைவலி வரும் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறேன். என் பிள்ளைக்கு அதையே செய்தேன்.

உனக்குப் பதினைந்து வயதில் அந்தச் செருமல் வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் மூன்று சின்னச் செருமல். அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அது கேட்ட அன்று நான் சமையலறையில் கண்ணீர் விட்டேன், நன்றி சொல்லி. நீ தேர்வுக்கு விண்ணப்பித்தபோது தொண்டை பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார்களே, மயிலாப்பூரில் அந்த டாக்டரிடம் போனோமே. சின்னக் கேமராவை விட்டு உன் தொண்டையைத் திரையில் காட்டினார். குரல் நாண் இரண்டு பக்கமும் தடித்திருந்தது. "தனக்கு இல்லாத ஆழத்தை அழுத்தி அழுத்திக் கொண்டு வரா சார். அதான் இந்த செருமல். இன்னும் ஒரு வருஷம் இப்படியே பாடினா காய்ச்சுப் போயிடும். யாரும்மா உன்னை இவ்ளோ கீழ பாடச் சொன்னது?" என்றார். நீ, "அம்மா" என்றாய். அவர் அம்மா எங்கே என்பதுபோல என் பக்கம் திரும்பினார். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டுக் கேட்டு மகிழ்ந்த செருமல் உன் தொண்டைப் புண்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறொரு ஆளும் இதில் மாட்டிக்கொண்டிருந்தார். நம் தெரு முனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறாரே, அவர். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயத்தில் வடபழனிப் பக்கம் மகன் வீட்டுக்குப் போனவர், போன வருஷம்தான் அபிராமபுரத்துக்குத் திரும்பி வந்தார். பழைய வீடுகளெல்லாம் இடித்து ஃப்ளாட் ஆகிவிட்டன, அவருக்குத் தெரிந்த முகம் தெருவில் நான் ஒருத்தன்தான். முதல் நாளே வண்டியை நிறுத்திக்கொண்டு கேட்டார்: "இன்னா சார், அம்மாவுக்கு ஒடம்பு நல்லா ஆயிட்ச்சா? காலீல பாட்டு கேட்டுச்சே. கொரலு அப்டியே கீது." அவரைத் திருத்த ஒரு வார்த்தை போதும். "ஆமாம்ப்பா, தேவலை" என்றேன்.

அதற்கப்புறம் தினமும் ஒரு விசாரிப்பு. மழையென்றால் அம்மாவுக்குச் சளி பிடிக்காமே பார்த்துக்கோ சார் என்பார். நீ ஒருநாள் பாடவில்லையென்றால் அம்மா ஊருக்குப் போயிருக்காங்களா என்பார். நானும் அலுக்காமல் பதில் சொல்வேன். உண்மையைச் சொல்கிறேன், காலையில் கடைக்குக் கிளம்பும்போது அந்தக் கேள்விக்காகவே அந்தப் பக்கம் நடப்பேன். ஒருநாள் ஒரு பழைய பொட்டலத்தைக் கொடுத்தார். "வூடு மாறசொல்லோ என் மூட்டையோட வந்துட்ச்சு சார். அம்மா எம்மா நாளா தேடினாங்களோ. குடுத்துடு" என்றார். பிரித்தால் அந்த மாம்பழக் கலர்ப் பருத்திப் புடவை, புதிதாய் இஸ்திரி போட்டு மடித்தது, தொட்டால் இன்னும் சூடு. பீரோவில் வைத்தேன். நேர்முகத் தேர்வுக்கு உடுத்திக்கொள்ள நீ எடுத்தது அதைத்தான். எங்கே இருந்ததுப்பா இது, நான் பார்த்ததே இல்லையே என்றாய். உள்ளேதான் இருந்தது என்றேன்.

தேர்வு அன்று நான் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பின்னால் நாலு கட்டையில் அம்மா பாடினாள். கேட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நின்றுவிட்டது. உள்ளே பேச்சுச் சத்தம். தம்புரா மறுபடி ஒலித்தது, இன்னும் மேலே. ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். நான் என் வாழ்நாளில் கேட்டிராத குரல். அந்தக் கட்டடத்துக்கே ஜன்னல் திறந்த மாதிரி அப்படியொரு வெளிச்சம், எங்கேயும் அழுத்தமில்லை, செருமலில்லை. உன்னை வெளியே அனுப்பாமல் அடுத்த பெண்ணை எப்படி உள்ளே விட்டார்கள் என்று எனக்குக் கோபம். எழுந்து போய் மேஜையிலிருந்த அலுவலக அம்மாவிடம், "உள்ள யாரு பாடறது? என் பொண்ணு எங்க?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க பொண்ணுதான் சார் பாடுது" என்றார். நான் நம்பவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். மாம்பழக் கலர்ப் புடவை. வாய் அசைகிறது. அந்த வாயிலிருந்து அந்தக் குரல் வருகிறது. பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமல் ஒருத்தன் பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறான்.

இரண்டு வரிதான். பிறகு நீ அழுதுகொண்டு நிறுத்திவிட்டாய், இது அம்மா வெச்ச சுருதி இல்லை என்று. துறைத்தலைவர் அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ரெண்டு வரிக்காகத்தான் இடம் தரோம். முதல் பருவ முடிவுல அந்த அஞ்சரைக் கட்டையிலயே முழுசாப் பாடிக் காட்டலைன்னா வாய்ப்பாட்டுப் பிரிவுல வெச்சுக்க முடியாது. அவங்க அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றார். பேசுகிறேன் என்றேன். அவள் இல்லை என்று அவரிடமும் சொல்லவில்லை.

அம்மா நிஜமாகவே ஒன்று சொன்னாள். இதை எழுதத்தான் மூன்று நாளாகக் கை வரவில்லை. உனக்கு ஆறு வயது. குளித்துக்கொண்டே எதையோ கத்திப் பாடிக்கொண்டிருந்தாய். அம்மா சாதகத்தை நிறுத்திவிட்டுக் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பெயரைச் சொல்லி, "ஏங்க, இவ குரல் என்னுது இல்ல. இது மேல போற குரல். நாளைக்கு இவ பாட வந்தா என் பெட்டியில உக்கார வெச்சுடாதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டு, சரி என்றேன். உன் பெயரைச் சொல்லிச் சொன்னாளா என்று கேட்டாயே, ஆமாம், பெயரைச் சொல்லித்தான் சொன்னாள். நான் உனக்குச் சொன்னது அதற்கு நேர் எதிர்.

ஆகவே நீ ஐந்தரையில் பாடினால் அம்மாவுக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. உன் ஆசிரியரிடம் நாளைக்கே போய்ச் சொல், என் அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று. வெட்கப்படாதே, வெட்கம் என்னுடையது. தொண்டை ஆற எத்தனை மாதம் பேசாமல் இருக்கச் சொன்னாலும் இரு. இனி யார் பெட்டியைப் போட்டுக் கொடுத்தாலும், அவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும், முதலில் உன் தொண்டையைக் கேள், பிறகு திருகைத் தொடு. என்மேல் கோபம் வரும். வரட்டும், எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் இருக்கட்டும். சீட்டை மட்டும் விடாதே.

இந்த மூன்று நாள் காலைகளையும் சொல்லி முடித்துவிடுகிறேன். முதல் நாள் ஆறு மணிக்கு, பழக்கத்தில் பெட்டியைப் போட்டேன். நாலு கட்டை. இரண்டு காபி போட்டேன். இரண்டாம் நாளும் போட்டேன். அடுப்படியில் நிற்கும்போது ஹாலில் மூன்று செருமல் கேட்டது. தெளிவாகக் கேட்டது. "ஏய், காபி ஆறுது" என்று சொல்லிவிட்டு நின்றேன். எனக்குப் பயம் வரவில்லை கண்ணு, பதிலுக்குக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, காபியில் ஆடை படிந்துவிட்டது. அதை இப்போது எழுதும்போதுதான் பயமாக இருக்கிறது. நீ இங்கேயே இருந்திருந்தால் கடைசிவரை உன்னை அந்த அறையில் உட்கார வைத்து இப்படித்தான் காத்திருந்திருப்பேன்.

இன்று காலை திருகை ஐந்தரைக்குத் திருப்பினேன். வீடு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தெரு முனையில் அவர் இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தார். "இன்னா சார், மூணு நாளா அம்மா பாட்டயே காணோம்? ஊருக்குப் போய்க்கிறாங்களா?" என்றார்.

"அம்மா செத்துப்போய் பத்து வருஷம் ஆச்சுப்பா" என்றேன்.

பெட்டியை வண்டியின் ஓரத்தில் நிறுத்திவைத்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு நம் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளா உள்ள பாடிக்கினு இருந்தது யாரு சார்?"

"என் பொண்ணு" என்றேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

விடுமுறைக்கு வரும்போது நீ எந்தக் குரலில் கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்று நீ அப்பா என்று கூப்பிட்டு, நான் உள்ளேயிருந்து யாரது என்று கேட்டால், கோபித்துக்கொள்ளாதே. உன் பெயரைச் சொல். கதவைத் திறக்கிறேன்.

அப்பா